வீட்டை விற்கக் கொடுத்தேன், புரோக்கர் போனை எடுப்பதில்லை. பத்திரமும் சாவியும் அவரிடம்

தேவிபட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த 62 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபின் மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நாலு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

ஊரில் 7 சென்ட் மனையும் அதில் 1996-ல் கட்டிய வீடும் இவர் பெயரிலேயே இருக்கின்றன. பூட்டிக் கிடக்கிற வீடு உப்புக் காற்றில் பாழாகிறது, வாசலில் சீமைக் கருவேலம் முளைத்துவிட்டது என்று விற்க முடிவு செய்தார். 2025 தை மாதம், கணவருக்குப் பழக்கமான ஒரு புரோக்கரிடம் பொறுப்பைக் கொடுத்தார். விலை 33 லட்சம், கமிஷன் 2 சதவீதம். '11 மாதத்துக்குள் என் மூலமாகத்தான் விற்க வேண்டும்' என்று 20 ரூபாய் பத்திரத்தில் அவர் எழுதிவர, இவர் கையெழுத்துப் போட்டார். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் (அதற்கு முந்தைய பத்திரம்) இரண்டின் அசலும், வீட்டுச் சாவியும் அவரிடம் போயின. காம்பவுண்டுச் சுவரில் 'வீடு விற்பனைக்கு' என்று நீல எழுத்தில் எழுதி, கீழே தன் செல் நம்பரையும் போட்டுக்கொண்டார்.

முதலில் இரண்டு மூன்று பேர் வந்து பார்த்தார்கள். அப்புறம் ஆடி மாதம், யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள் என்றார். பாம்பனில் புதுப் பாலம் திறந்தாச்சு, ஏர்போர்ட் வேறு வருகிறது, பொறுங்கள் என்றார். ஐப்பசிக்குப் பிறகு போனே எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி போனால் நீல டிக் மட்டும் விழுகிறது.

இப்போது பங்குனி. போன மாதம் இவருடைய சின்னம்மா மகன் மூலமாக ராமநாதபுரத்து ஆசிரியர் ஒருவர் வந்து 32 லட்சத்துக்குக் கேட்டிருக்கிறார். பேச்சுவாக்கில், முன்பே சுவரில் இருந்த நம்பருக்குப் போன் செய்ததாகவும், 41 லட்சம் என்று சொன்னதால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அதோடு பக்கத்து வீட்டுக்காரர், 'பரமக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, டோக்கன் கொடுத்தாச்சுன்னு பேசிக்கிட்டாங்களே' என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் கேள்விகள்: நேரடியாக விற்கலாமா? விற்றால் அவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டுமா? பத்திரத்தை எப்படி வாங்குவது? பத்திரம் தொலைந்ததாகப் போலீசில் எழுதிக்கொடுத்துவிடலாம் என்கிறார் தம்பி மகன். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஆணையத்தில்) புகார் கொடுங்கள், இல்லாவிட்டால் புரோக்கருக்கே பவர் (உங்களுக்குப் பதிலாக விற்கும் அதிகாரம்) எழுதிக்கொடுத்துத் தொல்லையை முடியுங்கள் என்கிறார் துபாயில் இருக்கும் மகன். எது சரி? கடைசியில் இப்படி முடிக்கிறார்: 'என் வீட்டுக்காரர் காரியத்துக்கு மூன்று நாளும் கூட நின்ற ஆள். அவர் மேல் கேஸ் அது இது என்று போக மனசு வரவில்லை.'

அம்மாவுக்கு வணக்கம்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். வீடு உங்களுடையது. அவர் போனை எடுக்காததால் உங்கள் கை கட்டப்பட்டுவிடவில்லை. வாங்குவதற்கு ஆள் பார்க்கும் வேலையைத்தான் அவரிடம் கொடுத்தீர்கள், வீட்டைக் கொடுக்கவில்லை. ஆனால் ஆசிரியரிடம் நாளைக்கே அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள். புரோக்கரோடு உள்ள கணக்கை எழுத்தில் முடித்துவிட்டு, பத்திரத்தைக் கைக்கு வாங்கிவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள். இந்த வரிசை மாறினால்தான் சிக்கல். நான் ராமநாதபுரத்தில் சிவில் வழக்குகள் பார்க்கிறேன். இது மாதிரி விவகாரம் கோர்ட்டு வரைக்கும் வருவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணமாக இருந்திருக்கிறது.

அவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 33-க்குச் சொன்ன வீட்டை 41 என்று சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் இது பழைய வழக்கம். 'உங்களுக்குக் கையில் எவ்வளவு வேணும், அதை மட்டும் சொல்லுங்க' என்று கேட்டுக்கொண்டு, மேலே கிடைப்பதைத் தான் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், இன்னொரு புரோக்கர் என்று நாலு கை இருந்தால் ஆளுக்கு ஒரு லட்சம் ஏறும். அந்த விலைக்கு ஆள் வராது. விலையைக் குறைக்கவும் மனசு வராது. பாலத்தையும் ஏர்போர்ட்டையும் காட்டி நாளைத் தள்ளுவார்கள். பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது உண்மை. ராமேசுவரத்தில் விமான நிலையம் என்று அதே வருடத் தமிழக பட்ஜெட்டில் அறிவித்ததும் உண்மை. ஆனால் தேவிபட்டினம் பக்கத்தில் 7 சென்ட் வீட்டுக்கு அதனால் 8 லட்சம் கூடிவிட்டதாக யாரும் காசு எடுத்து நீட்டவில்லையே.

அவருக்கு உடம்பு சரியில்லையோ, கடன் தொல்லையோ, அதுவும் இருக்கலாம். அதனால் எடுத்ததுமே அவரை மோசக்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் உங்கள் பத்திரம் அவரிடம் இருக்கிறவரை நல்லெண்ணத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது.

அந்த 20 ரூபாய் பத்திரம்

பதிவு செய்யாத பத்திரம் குப்பைக்குச் சமம் என்று உங்கள் தம்பி மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஒருவரைத் தரகராக அமர்த்துவதற்குப் பதிவு தேவையே இல்லை. வாய்ப்பேச்சாகச் சொன்னாலும் அது ஒப்பந்தம்தான். அதே சமயம், முத்திரைத்தாளில் எழுதியதாலேயே அவருக்குக் கூடுதல் பலம் எதுவும் வந்துவிடாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

11 மாதம் என்று எழுதியிருக்கிறது. தை மாதம் தொடங்கியது மார்கழியோடு முடிந்துவிட்டது. 'என் மூலமாகத்தான் விற்க வேண்டும்' என்ற நிபந்தனையும் அதோடு போயிற்று என்பதுதான் என் கருத்து. கருத்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய படத்தில் பத்திரத்தைப் பிடித்திருக்கிற கட்டை விரல் கடைசி இரண்டு வரிகளை மறைக்கிறது. 'கிரயம் முடியும் வரை' என்றோ 'தானாகவே நீடிக்கும்' என்றோ அங்கே ஏதாவது இருந்தால் பதில் கொஞ்சம் மாறும்.

அப்படியே இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன்படி ஒருவருக்குக் கொடுத்த தரகு அதிகாரத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். நியாயமான முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காலக்கெடு பாக்கி இருக்கும்போது காரணமில்லாமல் நிறுத்தினால் அவர் நஷ்டஈடு கேட்க வழியுண்டு. மாதக்கணக்கில் போனை எடுக்காதவர் அதைக் கேட்டு நிற்பது கடினம்.

இதே சட்டத்தில் 208-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. அதிகாரத்தை ரத்து செய்தது அவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரைப் பொறுத்தவரை செல்லும். வெளியாட்களைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் செல்லும். உங்கள் சுவரைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். நீங்கள் மதுரையில் உட்கார்ந்து மனசுக்குள் ரத்து செய்துவிட்டாலும், அந்த நீல எழுத்து இன்னும் அவரைத்தான் உங்கள் ஆள் என்று ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு வாளி சுண்ணாம்பு வாங்கி அதை அழிக்கச் சொல்லுங்கள். அழிப்பதற்கு முன் ஒரு படம், அழித்தபின் ஒரு படம், தேதி தெரிகிற மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கமிஷன் கொடுக்க வேண்டுமா?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒப்புக்கொண்ட வேலை முடிந்தால்தான் தரகுக் கூலி. அது 219-ஆவது பிரிவு. ஆள் கொண்டுவந்து, அந்த ஆள் வாங்கினால் கமிஷன். 14 மாதம் பத்திரத்தை வைத்திருந்ததற்குக் கமிஷன் கிடையாது.

உங்கள் விஷயத்தில் ஒரே ஒரு நெருடல், ஆசிரியர் ஏற்கெனவே அந்த நம்பருக்குப் பேசியிருக்கிறார் என்பது. 'அந்தப் பார்ட்டியே என் பார்ட்டிதான், என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்' என்று அவர் நாளைக்குச் சொல்லலாம். புரோக்கர் அறிமுகப்படுத்திய ஆளிடம் பின்வாசல் வழியாக விற்றுக் கமிஷனை மிச்சம் பிடிப்பதைக் கோர்ட்டு ஏற்காது. ஏற்கவும் கூடாது, அது அவர் உழைப்பு. ஆனால் இங்கே நடந்தது அது இல்லை. அவர் ஆசிரியருக்கு வீட்டைக் காட்டவில்லை, உங்களிடம் அழைத்து வரவில்லை, ஒருவர் கேட்டார் என்றுகூடச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாத ஒரு விலையைச் சொல்லி, வந்த ஆளையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆசிரியர் திரும்பி வந்தது உங்கள் சின்னம்மா மகன் மூலமாக. ஆகவே கமிஷன் வராது என்பதே என் முடிவு.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். தரகர் உங்களுக்காக வேலை செய்கிறவர். உங்களுக்குத் தெரியாமல் மேலே வைத்து வரும் லாபம் சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது. வேலையில் ஒழுங்கு தவறினால், தவறிய அந்தப் பங்குக்குக் கூலியே கேட்க முடியாது என்கிறது 220-ஆவது பிரிவு. ஆசிரியர் எந்தத் தேதியில் பேசினார் என்று அவருடைய போனில் இருந்தால் அந்த விவரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் சண்டை வந்தால் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்த ஒரு அழைப்புதான்.

சுவரில் எழுதிய கூலி, பெயின்ட் செலவு என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் வாதாட வேண்டாம். கொடுத்துவிட்டு, 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பரமக்குடிக் குடும்பம்

எனக்கு மிகவும் கவலை தரும் வரி இதுதான். நீங்கள் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி அவர் யாரிடமாவது டோக்கன் வாங்கியிருந்தால் என்ன ஆகும்?

ஆள் பார்த்துக் கொடு என்று சொல்வது வேறு, எனக்காக விற்றுவிடு என்று சொல்வது வேறு. முதல் வகையில் அமர்த்திய தரகர் ஒருவர் டோக்கன் வாங்கினார் என்பதற்காக உங்கள் வீடு அந்தக் குடும்பத்துக்குப் போய்விடாது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது அவர். ஆனால் அசல் பத்திரம் அவர் கையில், சாவி அவர் கையில், சுவரில் அவர் நம்பர். இதையெல்லாம் பார்த்து அவருக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது என்று நம்பித்தான் அந்தக் குடும்பம் பணம் கொடுத்திருக்கும். அப்படி நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டீர்கள் என்று அவர்கள் வாதாடினால், வழக்கில் உங்களையும் இழுப்பார்கள். தோற்றுப் போவீர்கள் என்று சொல்லவில்லை. அந்த வழக்கு நடக்கிறவரை ஆசிரியர் காத்திருக்க மாட்டார் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்த 20 ரூபாய் பத்திரம் தவிர வேறு எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? வெற்றுத் தாளில்? 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்று சொல்லி? பதிவு அலுவலகத்துக்கு உங்களை அழைத்துப்போய்க் கைரேகை, போட்டோ எடுத்தார்களா? தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய அக்ரிமெண்டைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஆனாலும் பதியாத அக்ரிமெண்டை வைத்துக்கொண்டு 'எனக்குக் கிரயம் செய்து கொடு' என்று வழக்குப் போடலாம், அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் உங்கள் கையெழுத்து எங்கெங்கே இருக்கிறது என்பது முக்கியம்.

இன்றைக்கே உங்கள் மகளைப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சர்வே எண் போட்டு இன்று தேதி வரைக்கும் பார்த்தால், உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பரமக்குடிக் குடும்பம் யார் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகவே விசாரியுங்கள். தெரிந்தால் அவர்களுக்கும், 'எனக்காகப் பணம் வாங்க அவருக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, பணம் கொடுத்திருந்தால் அவரிடமே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரு கடிதம் போய்விட வேண்டும். அவர்களும் பாவம், ஏமாந்தவர்களாக இருக்கலாம், கோபமில்லாமல் எழுதுங்கள். யார் என்று தெரியாவிட்டால் ராமநாதபுரத்தில் பரவலாகப் படிக்கிற தினசரி ஒன்றில் பொது அறிவிப்புக் கொடுக்கலாம்.

பத்திரத்தைத் திரும்ப வாங்குவது

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். பத்திரம் தொலைந்துவிட்டதாகப் புகார் கொடுக்காதீர்கள். அந்தப் புகாரை வைத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, நகலை வைத்துக் கிரயம் செய்கிற வழி ஒன்று இருக்கிறது. அது உண்மையிலேயே தொலைத்தவர்களுக்கு. யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்தது என்று போலீசில் எழுதிக்கொடுப்பது பொய்ப்புகார், அதுவே குற்றம். நாளைக்கு அவர் அசலை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், இத்தனை நாள் நியாயம் உங்கள் பக்கம் இருந்ததெல்லாம் தலைகீழாகிவிடும். உங்கள் தம்பி மகன் உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் வேண்டாம்.

நீங்கள் தர வேண்டிய பாக்கி இருந்தால், அது தீருகிற வரை உங்கள் காகிதங்களைப் பிடித்து வைக்கத் தரகருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. அதைச் சொல்லி மிரட்டினால் பயப்படாதீர்கள். கமிஷனே வரவில்லை என்கிறபோது பிடித்து வைக்க என்ன இருக்கிறது?

அடுத்து செய்ய வேண்டியது. உங்கள் மனசுக்கு ஒத்த வழியிலேயே தொடங்கலாம். ஒரு நாள் காலையில், சின்னம்மா மகனையும் ஊரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒருவரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போங்கள். கமிஷன், 41 லட்சம் எதையும் அன்றைக்குப் பேச வேண்டாம். 'தம்பி, பத்திரத்தையும் சாவியையும் கொடுத்துடுங்க, மகன் கேட்கிறான்' என்று மட்டும் கேளுங்கள். கொடுத்தால், பக்கங்களை எண்ணிப் பாருங்கள். முதல் பக்கத்தில் இருக்கும் ஆவண எண்ணும் வருடமும் நகலோடு ஒத்துப்போகிறதா, முத்திரையும் கையெழுத்தும் அசல்தானா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கலர் ஜெராக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பிய கதை நான் பார்த்திருக்கிறேன். 'வங்கியில இருக்கு, அடுத்த வாரம் தர்றேன்' என்று சொன்னால் உஷாராகிவிடுங்கள். அசலைக் காட்டி யாரிடமாவது கைமாற்று வாங்கியிருக்கக் கூடும். உங்கள் கையெழுத்து இல்லாமல் உங்கள் வீட்டை யாரும் அடமானம் வைக்க முடியாது. ஆனாலும் அந்தக் காகிதத்தை வட்டிக்காரரிடமிருந்து மீட்பது பெரும்பாடு.

கொடுக்கவில்லை என்றால் மறுநாளே கடிதம். நீங்களே எழுதலாம், வக்கீல் நோட்டீசாகவும் அனுப்பலாம். நான்கு விஷயங்கள் அதில் இருந்தால் போதும்: தரகு அதிகாரத்தை இந்தத் தேதியோடு ரத்து செய்கிறேன், அசல் பத்திரங்களையும் சாவியையும் 15 நாளுக்குள் கொடுக்கவும், யாரிடமாவது என் பெயரில் பணம் வாங்கியிருந்தால் யார், எவ்வளவு, என்று என்ற விவரம் வேண்டும், நாம் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் முழு நகல் வேண்டும். ஸ்பீடு போஸ்டில், ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அந்த நீல டிக் இப்போது உங்களுக்குத்தான் உதவும். அவர் படித்துவிட்டார் என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம். பழைய உரையாடல்களை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள்.

15 நாள் போயும் பதில் இல்லை என்றால் மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒன்று காவல் நிலையம். நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையில்லாத எண்ணத்தோடு தன்னதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆவது பிரிவின்படி குற்றம். தொழில் முறையில் தரகராக இருந்து செய்தால் தண்டனை இன்னும் கடுமை. ஆனால் 'இது சிவில் விவகாரம்மா' என்று ஸ்டேஷனில் சொல்லக் கூடும். மனு கொடுத்து ரசீது மட்டும் வாங்கி வையுங்கள். பல நேரம் ஒரு விசாரணை அழைப்பிலேயே பத்திரம் வந்துவிடுகிறது. இரண்டாவது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கமிஷன் இன்னும் கொடுக்கவில்லையே, நான் எப்படி நுகர்வோர் என்று யோசிக்காதீர்கள். கொடுப்பதாக ஒப்புக்கொண்டாலே போதும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மூன்றாவது சிவில் கோர்ட்டு. தரகராக வைத்திருக்கும் பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்க, 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் 8-ஆவது பிரிவு இருக்கிறது. பலமான வழிதான், ஆனால் நாள் ஆகும்.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடாமலே அங்கே ஒரு மனு கொடுத்தால், அவரை அழைத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். கேஸ் என்று போக மனசு வரவில்லை என்றீர்களே, இது கேஸ் இல்லை. அவருக்கும் தலைகுனிவு இல்லாமல் முடியும்.

ரெராவும் பவரும்

மகன் சொன்ன இரண்டு யோசனைகளுக்கும் வருகிறேன். ரெரா, அதாவது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று இருப்பது, பில்டர்களும் மனைப்பிரிவு போடுகிறவர்களும் விற்கிற பதிவான திட்டங்களுக்கு. 1996-ல் கட்டிக் குடியிருந்த ஒரு தனி வீட்டை நீங்கள் விற்பது அதற்குள் வராது. அங்கே மனு கொடுத்தால் மாதங்கள் வீணாகும்.

பவர் கண்டிப்பாக வேண்டாம். போனை எடுக்காத ஒருவருக்கு, உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கொடுப்பதா? அவரிடம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பவர் கொடுத்தால் இன்னும் மோசம். அவருக்கும் சொத்தில் பாத்தியதை வந்துவிட்டது என்று ஆகி, அந்தப் பவரைப் பிறகு ரத்து செய்வதே கஷ்டம். மதுரையிலிருந்து ராமநாதபுரம் இரண்டரை மணி நேரப் பயணம். கிரயத்தன்று நீங்களே வந்து கையெழுத்துப் போடுங்கள். முடியாத நிலை வந்தால் மகளுக்குப் பவர் கொடுங்கள். மகன் துபாயிலிருந்து வர வேண்டியதில்லை. சொத்து உங்கள் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து சட்டப்படி தேவை இல்லை.

ஆசிரியரோடு பேசும்போது

அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். 'அசல் பத்திரம் ஒருவரிடம் இருக்கிறது, வாங்கிக்கொண்டிருக்கிறேன், ஒரு மாதம் பொறுங்கள்' என்று சொன்னால் நியாயமானவர் பொறுப்பார். அதுவரை பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்து அவர் வக்கீலிடம் காட்டலாம். அக்ரிமெண்ட் போடும்போது பதிவு செய்தே போடுங்கள். அட்வான்ஸ் வங்கி வழியாக மட்டும். வீட்டு அட்வான்சை 20 ஆயிரம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரும், அதுவும் வாங்கிய உங்களுக்குத்தான். பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் கட்டணம் 2 சதவீதமும், வழக்கமாக வாங்குகிறவர் பொறுப்பு. உங்களுக்கு வரக்கூடிய வருமான வரியை ஒரு ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் உப்பு, தென்பக்கச் சுவரில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுங்கள், தெரிந்த குறையை, அதுவும் பார்த்தால் தெரியாத குறையை, மறைக்கக் கூடாது என்பது விற்பவர் கடமை. வீடு கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்தால் புதிதாகக் கட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. குடியிருக்க வாங்குகிற ஆசிரியருக்கு அது பெரிதாகப் படாமல் இருக்கலாம், ஆனால் மாடி எடுக்க நினைத்தால் படும்.

இந்தப் பேரம் தட்டிப்போய் வேறு புரோக்கரிடம் போகவேண்டி வந்தால், இந்தத் தடவை நீங்கள் எழுதுங்கள், அவர் கையெழுத்துப் போடட்டும். மூன்று மாதக் கெடு. நீங்களும் விற்கலாம், மற்றவரும் ஆள் கொண்டுவரலாம். கமிஷன் எத்தனை சதவீதம் என்று சட்டம் எதுவும் நிர்ணயிக்கவில்லை, பேசியதுதான் கணக்கு. அது கிரயத்தன்று மட்டும். டோக்கன் வாங்கக் கூடாது, நீங்கள் சொன்ன விலைக்கு மேல் வைக்கக் கூடாது. அவரிடம் ஜெராக்ஸ் மட்டும், சாவி பக்கத்து வீட்டில். சுவரில் எழுதுவதானால் உங்கள் மகள் நம்பர்.

கடைசியாக ஒன்று. அந்த 20 ரூபாய் பத்திரத்தைப் படம் எடுத்தது பேத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் ஒரு படத்தோடு நிறுத்த மாட்டார்கள். அவள் போனில் 2025 தை மாதத்துக்குப் போய், விரல் மறைக்காத இன்னொரு படம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் நோட்டீஸ் எழுதுவதற்கு முன் எனக்கு அனுப்பிவிடுங்கள்.